முதற்பெயர் தெரியவில்லை

சுமார்னிக்கு ஒரே பெயர்தான்.
ஜாவாவில் அது போதுமாயிருந்தது.
விசா அச்சடித்தவருக்குப் போதவில்லை;
காலியாகக் கிடந்த கட்டத்தில்
எஃப், என், யு என்று மூன்றெழுத்தைப் போட்டார்.
முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்.

அன்றிலிருந்து சம்பளச் சீட்டில் அவள் ஃப்னு.
வங்கியில் ஃப்னு.
பல் மருத்துவமனையில் "ஃப்னு, ஃப்னு" என்று அழைத்தபோது
யாரோ தும்முகிறார்கள் என்று
பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நானும் அவளும் பழ ஈ வளர்க்கிறோம்,
உயிரியல் கட்டடத்தின் நிலவறையில்,
ஆறாயிரம் குப்பிகளில்.
சோளமாவுக் கூழ் காய்ச்சி ஊற்ற வேண்டும்.
ஈக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
விசா அனுமதிப்பது வாரம் இருபது மணி நேரம்.
தாளில் இருபது என்றே எழுதுவோம்,
முப்பத்தாறு மணி நேரம் நின்ற காலோடு.

ஜனவரி. வெளியே மூச்சு மீசையில் உறைகிறது.
விடுதியின் சலவை அறையில்
துணி உலர்த்தும் எந்திரங்களின் வெப்பத்தில் கூட்டம்.
சிவில் இன்ஜினியரிங் க்வாபெனா சங்க அட்டைகளை நீட்டினான்.
"சட்டம் நம் பக்கம்."
"எந்த வருஷத்துச் சட்டம்?" என்றாள் ஆஃப்சானே.
ஒருமுறை மட்டும் நுழையும் விசா அவளுடையது.
தம்பியின் கல்யாணத்தைக் கைப்பேசியில் பார்த்தவள்;
பாதியில் சிக்னல் போய்விட்டது.

சாப்பாட்டுக்கூடத்துச் சங்கத்திலிருந்து டோரீன் வந்திருந்தார்,
இருபத்தேழு வருஷம் தட்டு கழுவிய கை.
நேராகவே கேட்டார்:
"நீங்களெல்லாம் ஊருக்குப் போனபின் சந்தா யார் கட்டுவது?"
யாரும் பேசவில்லை.
ஓர் எந்திரம் சுழன்று முடித்து மணியடித்தது.
"அடுத்து வருகிறவள்," என்றாள் சுமார்னி,
"அவளுக்கும் இதே ஈக்கள்தான்."

என் அட்டை பதினொரு நாள் கோட்டுப் பையில் இருந்தது.
நடுவே நிர்வாகத்தின் கடிதம்: அன்புள்ள மாணவர்களே.
மிரட்டல் ஒரு வரிகூட இல்லை.
குடியேற்ற நிலை என்ற சொல் மட்டும் நான்கு தடவை.
பன்னிரண்டாம் நாள் கோட்டைத் துவைத்தேன்.
அட்டை கூழாகி வெளியே வந்தது.
தவறுதலாகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்,
என்னிடமும்.

சுமார்னி இன்னொன்று கொடுத்தாள்.
வாயுவில் மயங்கிய ஈக்கள்
வெள்ளைத் தட்டில் கிடந்தன;
தூரிகையால் ஆண் பெண் பிரிக்க வேண்டும்.
விழிக்க எட்டு நிமிடம் ஆகும்.
ஏழாவது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
சில ஈக்கள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தன.

ஏப்ரலில் வாக்கெடுப்பு.
பட்டியலில் எஃப் என் யு சுமார்னி,
பல்கலைக்கழக அட்டையிலோ சுமார்னி சுமார்னி.
கணினிக்கும் ஒற்றைப் பெயர் பிடிக்கவில்லை.
"ஆட்சேபம்," என்றார் நிர்வாகத்தின் வழக்கறிஞர்,
மிகவும் மரியாதையாக.
அவள் வாக்கை உறையிலிட்டு ஒட்டித் தனியே வைத்தார்கள்.
மாலைக்குள் பதினான்கு உறைகள்:
பர்மாக்காரர் ஒருவர், ஆப்கானியர் இருவர்,
அப்பா பெயரையும் தன் பெயரையும்
இடம் மாற்றி எழுதிய நான்.

இருநூற்றெட்டு வாக்கில் ஜெயித்தோம்.
க்வாபெனா மேசைமேல் ஏறினான்.
ஆஃப்சானே பனிக்காலணியைக் கழற்றிவிட்டு ஆடினாள்.
"உறைகளை எப்போது திறப்பார்கள்?" என்றாள் சுமார்னி.
வித்தியாசம் பெரிது, திறக்கத் தேவையில்லை
என்றார் வாரியத்து அதிகாரி.
அவள் அந்த அட்டைப்பெட்டியைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறுப்பினர் படிவத்தை டோரீன்தான் நிரப்பினார்.
"முதற்பெயர் கட்டத்தில் என்ன போட?"
"ஒன்றும் வேண்டாம்."
டோரீன் பேனாவைத் தூக்கி அடுத்த கட்டத்தில் வைத்தார்.
"எழுத்தைச் சொல்."

இரவு நிலவறையில் கூழ் காய்ச்சினோம்.
பேச்சுவார்த்தை ஆகஸ்டில்தான் தொடங்கும்.
தாளில் இருபது என்று எழுதினோம்.